தாலி எடுத்துக் கொடுக்க வரவிருந்தவர்

கண்ணுகளா, மாமன் பேச்சை எடுத்தாலே என் முகம் ஏன் மாறுகிறது என்று சின்னவன் ஹாஸ்டலில் இருந்து போனில் ஒருமுறை கேட்டான். அப்போது வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும், எழுதினால் நிதானமாக வரும் என்று இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்று லேத்துப் பட்டறைக்குப் போனவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாமன் என்றால் உங்கள் அம்மாவுக்கு அண்ணன், உக்கடத்தில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. அதனால் சண்டை வந்ததில்லை. நல்லது கெட்டதுக்கு அவர் கரைவேட்டியோடு வருவார், நான் என் கரைவேட்டியோடு போவேன். எனக்குள் புகைய ஆரம்பித்தது அவர் பையனுக்குக் காது குத்திய அன்றைக்குத்தான்.

அந்தியூர்ப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. கோயமுத்தூரிலிருந்து அத்தனை தூரம் அவர்கள் கட்சியின் பெரும்புள்ளி ஒருவர் வந்து இறங்கினார். வரிசையாகக் கார்கள், புழுதி, வேட்டு. அவர் மாமன் தோளில் கை போட்டு, "என்னய்யா, சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சொந்தபந்தம் மொத்தமும் அன்று முழுக்க மாமனைச் சுற்றியே நின்றது. உங்கள் அம்மாகூட, "எங்கண்ணனுக்கு எவ்வளவு செல்வாக்குன்னு பாருங்க" என்று என்னிடமே வந்து சொன்னாள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். என் தோளில் கை போட எங்கள் கட்சியில் ஆள் இல்லையே என்று வயிறு எரிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பெரும்புள்ளியின் ஆடியோ வெளியே வந்தது. தன் ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டுப் போன நர்ஸ் ஒருவரிடம் அவர் போனில் பேசியது. என்ன பேசினார் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். ஒரு அப்பன் எழுதுகிற பேச்சு அல்ல அது.

எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். டெம்போ வைத்துப் பெண்களை அழைத்துப் போய், விளக்குமாறும் கையுமாகப் போராட்டம் நடத்தினோம். பேக்கரியில் டீ குடிக்க வந்த மாமனைப் பார்த்து, அந்தாளை ஊருக்குள் விடலாமா என்று நாலு பேர் கேட்கக் கேட்டேன். அது மிமிக்ரி என்றார் மாமன். யாரோ குரலை மாற்றிப் பேசித் தங்கள் கட்சியை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பிறகு தேர்தல் நெருங்கியது. சீட்டு கிடைக்காத கோபத்தில் அந்தப் பெரும்புள்ளி எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். வரவேற்பில் சால்வை வைத்திருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அவர் என் தோளில் கை போட்டார். கையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். மறுநாளே பேக்கரியில் மாமன், "பொம்பளைங்ககிட்ட அப்படிப் பேசுன ஆளுக்குச் சால்வையாம்" என்று யாரையோ பார்த்துச் சொல்வதுபோல என்னைச் சொன்னார். அந்த ஆடியோ போலி என்று எங்கள் தலைமையே சொல்லியாகிவிட்டது என்றேன் நான். சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவளுக்குக் கல்யாணம் முடிவானது.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் சடங்குகளை நடத்தித் தாலியை எடுத்துக் கொடுப்பவர் அருமைக்காரர். குடும்பத்தோடு ஒழுங்காக வாழ்ந்த பெரியவர் என்று ஊர் ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பொறுப்பு கிடைக்கும். அவர் கையில் இருக்கிற தாலியைப் பெரும்புள்ளி கைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் ஆசை. காது குத்துக்கு வந்தவர் என் மகளுக்குத் தாலியே எடுத்துக் கொடுத்தார் என்றால் மாமன் முகம் எப்படிப் போகும் என்று பட்டறையில் மெஷின் ஓடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பெரும்புள்ளியின் உதவியாளரிடம் பேசித் தேதியும் வாங்கிவிட்டேன்.

செய்தி மாமன் காதுக்குப் போனது. அந்தாள் மேடை ஏறினால் தாய்மாமன் சீர் கொண்டு மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். வராவிட்டால் போகட்டும் என்றேன். உங்கள் அம்மா அன்று சமைக்கவில்லை.

மறுநாள் பெரியவள் மாமனை வீட்டுக்கு வரச்சொன்னாள். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். டியூட்டி முடிந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் எங்கள் இருவருக்கும் எதிரே நின்றாள்.

"அப்பா, அந்தாளை ஊருக்குள்ள உடக்கூடாதுன்னு கத்துனது நீங்க. மிமிக்ரின்னு சொன்னது மாமா. இப்ப நீங்க மிமிக்ரிங்கறீங்க, மாமா உடக்கூடாதுங்கறாரு. ஆளும் அதே ஆளுதானுங்க, ஆடியோவும் அதேதானுங்க. துண்டு ஒண்ணுதான் மாறியிருக்குது."

நான், அது அப்படி இல்லை அம்மணி என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அந்த நர்ஸக்கா என்ன ஆனாங்கன்னு உங்க ரெண்டு பேத்துல யாருக்காவது தெரியுமுங்களா?"

இருவருக்கும் தெரியவில்லை. டெம்போ வைத்த நாங்களும் கேட்டதில்லை, மிமிக்ரி என்ற அவர்களும் கேட்டதில்லை.

"லீவு போட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்லீங்க. நானும் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறேன். அந்தாளு தொட்டுக் குடுக்கற தாலி என்ற கழுத்துல ஏறாது. அவரு வந்தா நான் மேடைக்கு வர மாட்டேனுங்கப்பா."

மாமன் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா மாப்ள, புள்ளைக்கே தெரியுது."

"நீங்க சிரிக்காதீங்க மாமா. அவரு உங்க கட்சியிலயே இருந்திருந்தா நீங்களே கார் வெச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பீங்க."

மாமன் முகம் சுருங்கியது. அவ்வளவு திட்டு வாங்கியும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அவள் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து, சீர்ப்புடவை என்ன கலர் என்று கேட்டாள். நான் எடுத்த முகூர்த்தப் புடவையைப் பற்றி அவள் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை. அந்த இனிப்பும் போனது.

உதவியாளருக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். குடும்பத்தில் சின்னச் சங்கடம் என்று இழுத்தேன். "அதனால என்னங்ண்ணா, அன்னிக்கு அதே ரோட்டுல இன்னொரு கல்யாணம் இருக்குது, ஐயா அங்க மட்டும் போயிக்குவாரு" என்று சொல்லி வைத்துவிட்டான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று அருமைக்காரர் மேடையில் தாலித் தட்டோடு தயாராக நின்றார். மாமன் சீர் கொண்டு வந்து வைத்துவிட்டார். வரவேற்க ஆள் குறைகிறதே என்று நான் வாசலுக்குப் போனேன். அப்போது ரோட்டில் ஹாரன் சத்தம். முன்னால் கொடி கட்டிய ஜீப், பின்னால் வரிசையாகக் கார்கள். எங்கள் மண்டபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த இன்னொரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் அப்பனை நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் தோளில் அந்தக் கை விழும் என்று தோன்றியது. பொறாமை கண்ணை மறைத்தது. பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது கேட்டுத் திரும்பினேன். மாமன். குதிகாலைத் தூக்கி, கடைசிக் கார் வளைவில் திரும்பும்வரை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் அதே பொறாமைதான்.

உள்ளே மேளம் வேகமெடுத்தது. உங்கள் அம்மா வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"ஏனுங்க, புள்ளைக்குத் தாலி ஏறுது. அப்பனும் மாமனும் ரோட்டுல யாரைப் பாத்துட்டு நிக்கறீங்க?"

இருவரும் ஓடினோம். மேடைக்குப் போவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது.