கரண்ட் இருக்கும்போது நின்ற தறிகள்

கரண்ட் நிற்கிற நாளில் தண்ணீர் பிடித்து வைப்பது குருமூர்த்தியின் வேலை. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது, மோட்டார் ஓடாது. பால் சொசைட்டியிலிருந்து வந்ததும் குடம், அண்டா, குளியலறை டிரம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார். அன்றைக்குக் கடைசிக் குடத்தை இறக்கி வைத்தபோது போனில் செய்தி வந்தது.

"ஜீவா, இன்னிக்குக் கரண்ட் நிக்காதாம். அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்களாம்."

ஜலகண்டாபுரத்தில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறிதான். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. அவர் மனைவி ஜீவா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஜீவா எடப்பாடிக்காரி. மகள் கயல்விழி சின்னவளாக இருந்தபோது குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்லிச் சோறூட்டியவள். வளர்ந்ததும் மகளே அந்தக் குரல்களைப் போனில் பதிந்து எங்கோ அனுப்பி வைக்க, ஜப்பான் கார்ட்டூன்களுக்குத் தமிழ் பேசித் தரும் சென்னை ஸ்டுடியோ ஒன்று கூப்பிட்டது. முதலில் ஒரு அம்மா பாத்திரம் கொடுத்தார்கள். "மேடம், இந்த அம்மா கொங்கு நாட்டுலேர்ந்து கல்யாணமாகி ஜப்பான் போனவங்க மாதிரி இருக்காங்க" என்று சிரித்தார், அங்கே குரல் கொடுப்பவர்களைப் பேச வைக்கிற ஜெகதீஸ்வரன். அதன் பிறகு ஜீவாவுக்கு மிருகங்களும் பூதங்களும்தான். பூதம் எந்த ஊர்ப் பேச்சு பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்.

இப்போது அவள் குரல் கொடுப்பது குமிழி என்ற குட்டிப் பூதத்துக்கு. கதை நடக்கிற நகரத்தில் சண்டையில்லை, பசியில்லை, யாரும் அழுவதும் இல்லை. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாக ஒரு பூதத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் துக்கத்தையெல்லாம் அது குடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்துப் பருத்துவிட்டால் மதிலுக்கு வெளியே துரத்திவிட்டு வேறொன்று தருவார்கள். ஒரு பெண் மட்டும் தன் குமிழியைத் துரத்த விடாமல் ஒளித்து வைக்கிறாள். அந்தக் குமிழி ஒருநாள் தாங்க மாட்டாமல் வாய்விட்டு அழுகிறது. நகரமே கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வருகிறது.

அந்த அழுகையைத்தான் ஜீவா போன வாரம் பேசி அனுப்பியிருந்தாள். "அழுகை நல்லாருக்கு மேடம். ஆனா அடியில தறி ஓடுது" என்றார் ஜெகதீஸ்வரன். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சத்தமில்லாமல் மறுபடி வந்தாக வேண்டும். வராவிட்டால் அழுகையையும், மீதியிருக்கும் குமிழி முழுவதையும் சென்னையில் வேறொரு பெண் பேசுவாள்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஜமக்காளம் தொங்கவிட்ட சந்துதான் அவளுடைய ஸ்டுடியோ. ராப்பகலாக ஓடுகிற தறிச்சத்தம் ஜமக்காளத்தை மதிக்காது. காட்டுப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள், அங்கே மயில் கத்தும். ஆகவே கரண்ட் நிற்கிற நாளை நம்பியே இவ்வளவு காலமும் பேசி வந்தாள்.

பக்கத்து வீட்டு ஆராயியிடம் போனாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தறிக்கூடத்தில் பேச்சு காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

"அக்கா, ஒரு பூதம் அழுவறதப் பேசி அனுப்போணும். ஒரு அரை மணி நேரம் தறிய நிறுத்தித் தர முடியுங்களா?"

"கரண்ட் இருக்கறப்பவா?" ஆராயி கையை உதறினாள். "என்ன சாமி கேக்கற நீ. எங்கூட்டுல எழவு உளுந்துச்சும்பாங்க."

அந்தத் தெருவில் அது உண்மை. கரண்ட் இருந்தும் ஒரு வீட்டில் தறி நின்றால் அங்கே சாவு. சத்தம் நின்றதும் அடுத்த வீடு நிறுத்தும், அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு. ஆள் விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆராயியின் கணவர் மாரியப்பன் போனபோது அப்படித்தான் தெரு நின்றது. காரியம் முடிந்த மறுநாளே ஆராயி தறியைப் போட்டாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சாப்பிடப் போனால்கூட ஒரு தறியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அவளுக்கு.

"தப்புதானுங்க்கா. கேட்டிருக்கக் கூடாது" என்று ஜீவா திரும்பினாள்.

ஆராயி அவள் தோளைத் தொட்டாள். "அந்தப் பூதம் எதுக்கு அழுவுது?"

"யாருமே அழுவக் கூடாத ஊருங்க்கா அது. அத்தன பேரு அழுகையவும் அதுதான் குடிச்சு வெச்சிருக்குது."

ஆராயி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

ஜீவா வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். உலை கொதிக்கும் நேரத்தில் பக்கத்துச் சுவர் அமைதியானது. அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் ஈரக்கையோடு ஜமக்காளத்துக்குள் ஓடினாள்.

அழுது முடித்தபோது தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. வாசலுக்கு வந்தாள். ஆராயி படியை மறித்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் துண்டும் கையுமாகத் தெருவே நின்றிருந்தது. குருமூர்த்தி காபி டம்ளரோடு ஓரமாக விழித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள அந்த அழுவ அழுவுது, இங்க புருசங்காரன் காப்பி குடிக்கறான். நாங்க என்னன்னு நெனைக்கறது?" என்றார் கடைசி வீட்டு நாச்சிமுத்து. "போனது யாருன்னு சொல்லுங்க. மாலைக்கு வேற சொல்லிட்டேன்."

"யாருமில்லீங்க மாமா. ஒரு பூதத்துக்கு அழுதேனுங்க."

"அது போயிருச்சா?"

"இல்லீங்க, பொழச்சுக்குச்சு."

"சரி உடு, மாலய நானே போட்டுக்கறேன்."

தெரு சிரித்தது. ஆனால் ஜீவா சிரிக்கவில்லை. நாச்சிமுத்து மொபெட்டில் வந்து நின்ற சத்தம் அழுகையின் நடுவில் விழுந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி, "இதுக்கா இப்படி முழிக்கறீங்க? நின்னது நின்னு போச்சு. போயி இன்னொருக்கா அழுதுட்டு வாங்க" என்றாள். நாச்சிமுத்து மொபெட்டைத் தானே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாம் முறை ஜீவா அழுதபோது வெளியே ஒருவரும் செருமக்கூட இல்லை. தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு, ஒரு பொம்மைப் பூதம் அழுது முடிக்கட்டும் என்று வெயிலில் நின்றார்கள். இவர்களுக்குப் பட்ட கடனை என்ன செய்து தீர்ப்பது என்ற நினைப்பு நடுவில் வந்து, வேண்டியதைவிட நீளமாகவே அழுதுவிட்டாள். அனுப்பிய சற்று நேரத்தில் பதில் வந்தது: 'இதுதான் மேடம். குமிழி உங்களுக்குத்தான்.'

தெரு கலைந்து, தூரத்தில் ஒவ்வொரு தறியாகத் தட்ட ஆரம்பித்தது. ஆராயி மட்டும் உள்ளே வந்து, "எங்க, குடு கேப்போம்" என்றாள். ஜீவா ஹெட்போனை அவள் காதில் வைத்துவிட்டாள். ஆராயி பீரோவில் சாய்ந்து கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும், "மறுக்கா வையி" என்றாள். மறுபடியும் கேட்டாள்.

"எழவுன்னு அத்தன பயந்தீங்களேக்கா" என்றாள் ஜீவா. "அப்பறம் எப்படீங்க நிறுத்துனீங்க?"

ஆராயி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதன் ஒயரைச் சுற்றி ஒழுங்குபடுத்தினாள். முந்தானையால் நனைந்த முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொண்டு, ஜமக்காளத்தை ஒதுக்கி வெளியே போனாள்.