சவர்க்காரம் அப்பிய படகு

எனக்கு ஓரிடத்தில் இருப்பு வராது. தையல் மெசினில் இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி வாசலுக்குப் போய் வருவேன். சுனாமிக்கு அடுத்த வருடம், முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் இருந்த அந்த மாதங்களில் இது இன்னும் கூடிப்போனது. கடற்கரையில் என் பெயரில் ஒரு படகு நின்றதுதான் காரணம்.

படகு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கடல் என் கணவரைக் கொண்டுபோனது, அவருடைய படகையும் கொண்டுபோனது. நிவாரணப் பட்டியல் எழுதியவர்கள் படகு போன வீட்டுக்குப் படகு என்று எழுதிவிட்டார்கள். நீல நிறத்தில் பைபர் படகு, புது எஞ்சின், இரண்டு மிதவைச் சட்டைகள். கையெழுத்து வாங்கினார்கள், பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். நானோ முள்ளியவளையில் வயல் செய்கிறவரின் மகள். கலியாணம் முடித்து வந்த பிறகுதான் கடலை ஒழுங்காகப் பார்த்தேன்.

படகை ஓட்ட என் தம்பி வந்தான். அவனும் முள்ளியவளையான்தான். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பிடித்து ஊரெல்லாம் வயல் உழுதவன். "எஞ்சின் எண்டா எஞ்சின்தானே அக்கா. அது சேத்தில ஓடுது, இது தண்ணியில ஓடுது" என்றான். அலை வந்தால் வயல் வரம்பில் ஏற்றுவதுபோல முறுக்கிக்கொண்டு நேரே ஏற்றுவான். கரைக்கு வந்தால் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவ மாட்டான். நங்கூரக் கயிறு நைந்து நூலாகத் தொங்கியது. கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்பான். நாளைக்கு என்பது அவனுக்கு ஒரு பெரிய அலுமாரி மாதிரி, செய்யாத வேலையெல்லாம் அதற்குள் போய்விடும். நான் வாய் ஓயாமல் ஏசுவேன். அவன் சிரித்துக்கொண்டே சோற்றைக் குழைப்பான்.

அவனைக் குறை சொல்கிற நானும் லேசுப்பட்டவள் இல்லை. மிதவைச் சட்டைகளைப் போட்டால் வலை இழுக்கக் கை வராது என்று அவன் வீட்டில் கொண்டுவந்து போட்டான். ஒன்றை மடித்துக் கதிரையில் வைத்து அதன்மேல் இருந்து தைத்தேன். மற்றது அவனுக்குத் தலையணை.

தம்பியோடு கடலுக்குப் போனவர் இரணைமடுப் பக்கத்து ஆள். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். நாற்பது வயது இருக்கும். குளத்தில் வலை போட்டுப் பழகியவர். கடற்கரையில் படகுகள் கூடி ஆட்கள் குறைந்திருந்த நேரம் அது, மூன்று பிள்ளைகளுக்கு உழைக்க இங்கே வந்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்வருவார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். தம்பியைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் படகை ஓட்டுகிறவன் தம்பி என்பதால் அவன் சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டார்.

ஒருநாள் வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் காப்புறுதிப் படிவத்தோடு வந்தார். போட்டிருந்த வெள்ளைச் சேட்டில் செம்மண் புழுதி. படகுக்கும் போடலாம், போகிற ஆட்களுக்கும் போடலாம், முதலில் படகைப் பார்த்துப் பழுது இருந்தால் திருத்தவேண்டும் என்று விளக்கினார். அவர் போனதும் தம்பி சொன்னான், "புதுப் போட் தாழுமெண்டு எங்களையே எழுதித் தரச் சொல்லுறார். வாயால சொல்லுறதே கூடாது, இவருக்குக் கையெழுத்தும் வேணுமாம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அபசகுனமான கடதாசி என்று மெசின் லாச்சிக்குள் தள்ளினேன். பிறகு அதன் பின்பக்கத்தில் ஒரு சட்டைக்குக் கழுத்து வரைந்து வெட்டியும் விட்டேன்.

ஐப்பசி பிறந்து கடல் குழம்பத் தொடங்கியது. ஒரு பின்னேரம் அந்த இரணைமடு அண்ணன் கொட்டில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தங்கச்சி, படகுல தண்ணி ஊறுதுங்க. நான் அள்ளி அள்ளி ஊத்துறேன், நிக்க மாட்டேங்குது. தம்பிகிட்ட நான் சொன்னா கோவிச்சுக்கும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எங்கால ஊறுது?"

"பின்னுக்கு, அடைப்புக்கிட்ட. ஏறிப் பாத்தாத் தெரியும்."

ஏறிப் பார்ப்பதுதான் பிரச்சினை. எங்கள் கரையில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. கால் வைத்தால் அந்தப் படகில் மீன் ஏறாது, ஆட்களுக்கும் ஆகாது என்பார்கள். கலியாணம் முடித்து வந்த முதல் கிழமையே மாமி இதைச் சொல்லித் தந்துவிட்டா. படகு என் பெயரில்தான் இருந்தது, ஆனால் அதன் உட்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு முழுக்க நிலைகொள்ளவில்லை. தைத்ததைப் பிரித்தேன், பிரித்ததைக் கோணலாகத் தைத்தேன். மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்தி, கரையில் ஒரு சனமும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை உண்டு. கரையில் நிற்கும்போது அதைத் திறந்து தண்ணீரை வடிய விடுவார்கள், கடலுக்குப் போகுமுன் றப்பர் அடைப்பானால் மூடுவார்கள். அந்த அடைப்பான் இல்லை. அதற்குப் பதிலாகக் கந்தைத் துணியும் அதைச் சுற்றி அப்பிய சவர்க்காரமும் இருந்தன. பார்த்ததும் விளங்கிவிட்டது. சண்டையில் பாதை பூட்டியிருந்த காலத்தில் சாமான் கிடைக்காமல், லான்ட்மாஸ்டரின் டாங்கி ஒழுகினால் எங்கள் ஊரில் எல்லோரும் சவர்க்காரம்தான் அப்புவார்கள். எண்ணெயில் அது கரையாது, கல்லாக நிற்கும். தம்பி கைப்பழக்கத்தில் கடலுக்கும் அதையே செய்திருக்கிறான். தண்ணீரில் சவர்க்காரம் கரையும் என்று உடுப்புத் தோய்க்கிற எனக்குத் தெரியாதா?

தொட்டுப் பார்த்தேன். கூழாக விரலில் ஒட்டியது.

அப்போதே தம்பியிடம் சொல்லியிருக்கவேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பான். ஏறினேன் என்று சொன்னால் அவன் பேசாமல் இருந்தாலும் கரை பேசும். அடுத்த நாள் மீன் குறைந்தால் நான், எஞ்சின் நின்றால் நான். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் இப்போது படகிலும் ஏறிவிட்டாள் என்பார்கள். அந்தக் கதையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. முல்லைத்தீவுக் கடைகளில் அடைப்பான் தேடினேன், கிடைக்கவில்லை. பரந்தனுக்குப் போய் மூன்று நாளில் திரும்புகிற ஒருவரிடம் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். அது வந்ததும் கடையில் கண்டேன் என்று தம்பியிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மூன்று நாள்தானே என்று என்னை நானே தேற்றினேன். அந்த மூன்று நாளும் ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் அவனை ஏசினேன், இந்த ஒன்றைத் தவிர.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். நான் கரையில் நின்றேன். தூரத்திலேயே படகின் பின்பக்கம் பாரத்தில் அமிழ்ந்திருந்தது. அந்த அண்ணன் குனிந்து குனிந்து தண்ணீர் அள்ளுவது தெரிந்தது. அலை உடைகிற இடத்துக்கு வந்தபோது தம்பி வழக்கம்போல முறுக்கினான். எஞ்சின் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிட்டது.

கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆட்கள் நீந்திப் போய்த் தம்பியை இழுத்து வந்தார்கள். குளத்தில் நீந்தப் பழகிய மனிதர் வலையில் கால் சிக்கி அலைக்குள் போய்விட்டார். மத்தியானம் கரையில் ஒதுங்கினார். என் கதிரையில் ஒரு மிதவைச் சட்டை மடித்தபடி கிடந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நானும் தம்பியும் இரணைமடுவுக்குப் போனோம். காப்புறுதி ஏதும் போட்டிருந்ததா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். அந்த அண்ணனின் மனைவி மூன்று பிள்ளைகளோடு தரையில் இருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "படகுல தண்ணி ஊறுதுன்னு கடைசியா வீட்டுக்கு வந்தப்பவே சொன்னாருங்க. தங்கச்சிகிட்ட சொல்றேன், அது பாத்துக்கும்ன்னாரு. சொன்னாருங்களா?" என்று கேட்டா.

கோபத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. நான் இல்லை என்று தலையாட்டினேன். வெட்கம் கெட்ட தலை, ஆடியது.

திரும்பும்போது பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு நிற்க முடியவில்லை, அங்கும் இங்கும் நடந்தேன். உள்ளே கிடந்தது எல்லாம் தம்பியின்மேல் பாய்ந்தது. "சவர்க்காரத்தை அப்பிப்போட்டுக் கடலுக்குப் போவியோ? உனக்கு மூளையில்லையோ? ஒரு மனுசனைச் சாகடிச்சுப்போட்டியே" என்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான், "நீ போட்டில ஏறினதைக் கண்டனான் அக்கா. கரையில வலை வைக்கிற வாடிக்குள்ள படுத்திருந்தனான். குனிஞ்சு தொட்டுப் பாத்தனீ. ஏறினது வெளியில தெரிஞ்சா உனக்கு வெக்கமெண்டு நானும் கேக்கேல்லை. நீ எல்லாத்துக்கும் ஏசுறனீ. அதுக்கு மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சவர்க்காரம் கரையாம நிக்கும் எண்டு நினைச்சிட்டன்."

பஸ் வந்தது. ஏறினோம். அன்றைக்குப் பிறகு நான் அவனை ஏசியதில்லை.