குங்கிலியம் போட்ட தோல்வார்

அன்று எங்கள் வண்டிக் கொட்டகையில் இருந்தவர்கள்: மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவர். அவருடைய தம்பி. இருவரும் சுமந்து இறக்கிய தூளியில் அவர் பெண்சாதி. எங்கள் முள்ளுக்குறிச்சி மருத்துவச்சி. என் தாய்மாமன். நான்.

வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"என் கைக்கு மீறிப்போச்சுங்க. நர்ஸம்மா வந்துதான் திருப்போணும். பொழுது சாயறதுக்குள்ள வரோணும். வண்டியில ஏத்துனா குலுக்கல்லயே போயிருவா."

நர்ஸம்மா இருந்தது நான்கு மைல் தள்ளி. என்னிடம் சைக்கிள் இருந்தது. அதில் செயின் இல்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. அறுந்த செயினுக்கு மாற்று சேலத்தில்கூடக் கிடைக்கவில்லை. முதலில் கற்றாழை நாரில் கயிறு திரித்துப் போட்டேன். ஊர் எல்லை தாண்டும் முன்பே தேய்ந்து அறுந்தது. பிறகு ஆசாரியிடம் சொல்லி, பல் சக்கரங்களின் மேல் மர உருளை பொருத்தினேன். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலின் பழைய தோலை வாராக அறுத்துத் தைத்து மாட்டினேன். காய்ந்திருந்தால் ஓடும். மழையில் நனைந்தால் நீண்டு தொங்கும். வெட்டி மறுபடி தைக்க வேண்டும்.

அன்று நல்ல வெயில். ஏறி மிதித்தேன். மிதி சுற்றியது. சக்கரம் அசையவில்லை. வாரைத் தொட்டேன். விரல் வழுக்கியது.

"இதுல எண்ணெ ஊத்துனது யாரு?"

"நாந்தான்," என்றார் மாமன். "கிறீச் கிறீச்சுனு கத்துச்சு. வண்டி அச்சுக்கு ஊத்தறாப்பல ஒரு கரண்டி வெளக்கெண்ணெ ஊத்துனேன். செயினுக்கு நீ ஊத்துவீல்ல?"

"செயினுக்குப் பல்லு இருக்குது மாமா. இது கவ்விப் புடிச்சாத்தான் ஓடும்."

சாக்கால் துடைத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மிதித்தால் மறுபடி வழுக்கல். தோல் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. மாமன் தலையைக் குனிந்துகொண்டார்.

தூளியில் முனகல் நின்றது. எல்லோரும் திரும்பினோம். அவள் கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மடியில இருக்கற குங்கிலியத்தக் குடுங்க."

மலை மரத்தில் வடியும் பிசின் அது. கோயிலில் புகை போடுவதாக வேண்டிக்கொண்டு மடியில் முடிந்து வந்திருந்தார். முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சாமிக்கு முடிஞ்சது புள்ள."

"எண்ணெக் கையில பட்டாப் பிசுபிசுன்னு புடிச்சுக்குதே, தோலுல புடிக்காதா? சாமிகிட்ட நான் பேசிக்கறேன். அவுருங்க."

அவர் அவிழ்க்கவில்லை. தம்பி வந்து அவிழ்த்தான். கல்லில் வைத்துப் பொடித்து வார் முழுக்கத் தேய்த்தோம். எண்ணெயோடு சேர்ந்து பசையானது. மிதித்தேன். சக்கரம் நகர்ந்தது.

திரும்பும்போது நர்ஸம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓடைக்கரை ஏற்றத்தில் தையல் தெறிக்கும் சத்தம் கேட்டது. வெயில் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

"ஏனப்பா, இது சைக்கிளா, செக்கா?"

"இறங்கி நடங்கம்மா. ஏத்தம் முடிஞ்சு ஏறிக்கலாம்."

"நடக்கறதா? ஓடறேன், வா."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். மேட்டில் ஏறிக்கொண்டார். அதற்குமேல் அழுத்தி மிதிக்கப் பயம். மெதுவாக மிதிக்கவும் பயம்.

ஊருக்குள் நுழைந்ததும் வார் அறுந்தது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினோம்.

கொட்டகை வாசலில் சேலையைக் கட்டி மறைத்தார்கள். ஆண்கள் வெளியே நின்றோம். மாமன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. விளக்கு ஏற்றும் நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது. அதற்குப் பிறகுதான் தாயின் குரல் கேட்டது.

"முடிஞ்சு வெச்சதுல மிச்சம் இருக்குதுங்களா?"

கொஞ்சம் இருந்தது. கோயிலுக்கு அதையே கொண்டுபோனார்கள்.

மலையிலிருந்து இறங்கியவர்கள் மூன்று பேர். ஏறியவர்கள் நான்கு.