கன்னியப்பனின் இரண்டு காகிதங்கள்

கன்னியப்பனுக்கு ஈரலில்தான் முடிவு என்று டாக்டர்களுக்கு முன்பே சொன்னவன் நான். எல்லாமே நான் சொன்னபடிதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நெசவாளர் சங்கத்தில் பட்டு நூலுக்காக நின்றிருந்த என்னிடம் அவன் மைத்துனன் வந்து, "கண்ண மூடிட்டாருபா" என்றான். நூல்கட்டு என் கையிலிருந்து விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவனை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஒரே தறியில் பதினெட்டு வருஷம். நான் புடவையின் உடல் நெய்வேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடா போடுவான். இரண்டும் சேரும் கோர்வையில் ஒரு இழை பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவான். ஜில்லாவிலேயே எங்கள் ஜோடிக்கு நிகர் கிடையாது. அதை நானே சொல்லக் கூடாது.

மஞ்சள் காமாலை இரண்டாம் முறை வந்தபோது மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். பெரிய டாக்டர் எனக்கு நாற்காலி போட்டு அரைமணி நேரம் ஆலோசனை கேட்டார். கன்னியப்பனுக்கு ஊசியில் ஏதோ மருந்தேற்றி, வயிற்றின் மேல் ஒரு இயந்திரத்தை ஓட்டினார்கள். அது காகிதத்தில் புள்ளி புள்ளியாக ஈரலை வரைந்தது. ஓரிடத்தில் புள்ளி குறைந்திருந்தது.

"தழும்பாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ரத்தமும் எடுத்தார்கள். தாய் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஊறும் ஒரு சத்து, பெரியவர்கள் ரத்தத்தில் ஏறியிருந்தால் ஈரலில் கட்டி என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

"அப்ப நான் இன்னா டாக்டர், முழுகாம இருக்கேனா?" என்றான் கன்னியப்பன்.

நர்சம்மா சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட் தபாலில் வரும். ஏறியிருந்தால் உடனே வந்துவிடுங்கள். சின்னதாக இருக்கும்போதே அறுத்து எடுத்தால் பிழைக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில், வாலாஜாபாத் தாண்டியதும் சொன்னான்: "படம் உடல் மாமா, ரத்தம் கரை. ரெண்டும் கோர்வை சேர்ந்தாத்தான் புடவை. அந்த டாக்டரு நம்ம தொழில் தெரிஞ்ச ஆளு கணக்கா பேசறாரு."

ரிப்போர்ட் வந்த அன்று தறியில் கல்யாணப் பாவு, மூன்று முகூர்த்தப் புடவைக்கு ஒரே நீட்டில் கட்டிய நெடுக்கு இழை. மூன்று புடவையில் முதலாவதே பாதிதான் ஆகியிருந்தது. கல்யாணப் பாவில் நடுவே கை மாற்றமாட்டோம்; வேறு ஆள் கரை போட்டால் இழையை நெருக்கும் அடி மாறி, கோர்வையில் கோடு விழும். எட்டாவது வரை படித்த நான்தான் வாசித்தேன். ஏறியிருந்தது. கீழே சிவப்பு மையில் தமிழிலேயே 'உடனே வரவும்' என்று எழுதியிருந்தார்கள். அவன் சம்சாரம் முனியம்மா தறியோரம் வந்து நின்றாள்.

"நீ இன்னா மாமா சொல்றே?" என்றான்.

"நாளைக்கு மொத பஸ்ஸுலயே கெளம்பு" என்றேன். அவன் கேட்கவில்லை.

மூன்று புடவையும் நெய்து தறியிலிருந்து அறுத்து முடிக்க நாற்பது நாள். மறுபடி மெட்ராஸ் போனபோது புதுப் படத்தில் பாதி ஈரலில் புள்ளியே இல்லை. டாக்டர் அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது வந்ததும் ஏன் வரவில்லை?" என்றார். கன்னியப்பன் என் பக்கம் திரும்பாமலே, "வேல இருந்திச்சுங்க" என்றான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதில் ஒன்றுதான். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னதையே மேலேயும் எழுதிவிட்டேன். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னவள் முனியம்மா. நான் சொன்னது இது: "மூணும் அறுத்துட்டுப் போவலாம்பா. ஈரலு எங்க ஓடிடப் போவுது."