மச்சினன் கைக்கு வந்த களிம்பு

நாற்பது பேரின் தோலுக்கென்று வந்த களிம்பை நான் திருடினேன். ஒரு தடவை செய்ததல்ல, ஏழு குளிர்காலம் செய்தேன். அந்த நாற்பது பேரில் ஒருவன் என் மனைவியின் தம்பி நசீர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயது மிச்சமில்லை. மங்கலம்பேட்டையிலும் காட்டுமன்னார்கோயிலிலும் இதைப் படிக்கிற சிலர் அந்த வெள்ளை டப்பாவை என் கையிலிருந்தே வாங்கியிருப்பீர்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அரபு நாட்டுச் சாமானே தனி என்று சொல்லி, எனக்காக துவாவும் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு என்று அது வாங்கப்படவில்லை.

இப்போது அதே அரபு நாட்டின் தலைநகரத்தில், மகன் வீட்டில், பதினான்காவது மாடியில் இருக்கிறேன். காலையில் கண் விழித்தால் உதடுகள் ஒட்டிக் கிடக்கின்றன. பேசினால் வெடிக்கின்றன. போர்வையை உதறினால் இருட்டில் பொறி பறக்கிறது. எங்கும் இடிக்காமல், எதுவும் கீறாமல், முழங்காலில் ரத்தப் புள்ளி நிற்கிறது. படுக்கையறையில் இரவும் பகலும் நீராவி விடுகிற சிறு இயந்திரம் ஒன்று ஓடுகிறது, காற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக. கடலூர் முதுநகரில் போய் இதைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். அங்கே காற்று ஈரத் துணி போல முதுகில் கிடக்கும். காலை பத்து மணிக்கே சட்டை உடம்போடு ஒட்டும். அந்த வியர்வையைத் திட்டித் திட்டியே வளர்ந்தோம். இங்கே வியர்வை வந்தது தெரிவதற்குள் காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மனிதன் வற்றிப்போகிறான். மகன் குளியலறை வாசலில் களிம்பு டப்பாவை வைத்துவிட்டு, "ஈரத்தோட பூசுங்கத்தா" என்கிறான். அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது. அதை நாற்பது பேருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனாக நான் ஒரு காலத்தில் இருந்தேன்.

நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்தவன். தோலின் அடுக்குகளைப் படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கியவன். இந்த நாட்டின் கடற்கரையிலிருந்து ஐந்து மணி நேரம் உள்ளே, பாலைவனத்தில், கான்கிரீட் கட்டிகள் வார்க்கும் களத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தொழிலாளிகள் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள். நான்தான் சிபாரிசு செய்து நசீரையும் வரவழைத்தேன். வந்த முதல் மாதம் நாங்கள் எல்லோரும் ஊரில் செய்வதையே செய்தோம். புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றுவது போல வெயிலில் கழற்றினோம். மூன்று வேளை குளித்தோம், மூன்று வேளையும் சோப்பு நுரைக்கத் தேய்த்தோம். நாளுக்கு மூன்று முறை குளிப்பது எங்கள் பெருமை. இந்த ஊர்க்காரர்கள் குளிக்க மாட்டார்கள் என்று கேலி வேறு. தண்ணீர் லாரி ஓட்டிவந்த கிழ அரபி ஒருவர் ஒருநாள் என் கையைப் பிடித்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தானையும் போட்டுவிட்டார். ஏதோ அரபியில் சொன்னார். என் கறுத்த கையைப் பார்க்கச் சகிக்காமல் மூடுகிறார் என்று நினைத்து நான் கையை உதறினேன். மறுபடி மடித்துவிட்டுக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்தேன். அவர் தன் கைகளையும் கழுத்தையும் எப்படித் துணியால் பொத்தி வைத்திருந்தார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அங்கே கோடையைவிடக் குளிர்காலம் தோலுக்குக் கொடியது. வடக்கேயிருந்து ஷமால் காற்று வீசும்போது முகத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போலிருக்கும். அதற்காகவே ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் கம்பெனி அட்டைப்பெட்டிகளில் கெட்டிக் களிம்பு அனுப்பியது. ஆளுக்கு நான்கு டப்பா. கூடவே ஒரு மலையாள நர்ஸ் வந்து ஆட்களை வரிசையாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வேளை குளித்தால் போதும், வெந்நீர் வேண்டாம், சோப்பு அக்குளுக்கும் காலிடுக்குக்கும் மட்டும். உடம்பு காயும் முன்னே, ஈரத்தோடு களிம்பு பூச வேண்டும். சிமெண்ட் தொட்ட கையை உடனே கழுவித் துடைத்துப் பூச வேண்டும். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் காலையும் கையையும் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். பாதியில், "சுருக்கமா என்னன்னா, நாளையிலேர்ந்து எல்லாரும் பொம்பளைங்க மாதிரி பவுடர், ஸ்நோ போட்டுக்கிட்டு கல்லு தூக்கணுமாம்" என்றேன். களமே சிரித்தது. நர்ஸும், தான் சொன்னது பிடித்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு களிம்பு கேட்டு ஒருவன்கூட ஸ்டோருக்கு வரவில்லை. கேட்க வெட்கப்பட்டார்கள். நாற்பது பேர் பெயருக்கு நேராக நானே கையெழுத்து இழுத்தேன்.

விடுமுறைக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சோப்பு, தைலம், அத்தர், க்ரீம் என்று பெட்டி பிரியும்போது கூடம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும். யார் வீட்டுக்கு எது போயிற்று என்பதில் மனத்தாங்கல் வரும். அந்தக் கூடத்தில் நான் வள்ளலாக இருந்தேன், நாற்பது பேரின் தோலை உரித்து. இதைவிட மரியாதையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது குளிர்காலம் நசீரின் விரல்கள் வெடித்தன. நுனியெல்லாம் பிளந்து, பிளவின் ஓரம் கல்லைப் போல இறுகி, மடக்கினால் ரத்தம் வந்தது. "கொழம்பு பட்டா எரியுது மச்சான். கரண்டியால திங்கிறேன்" என்றான். தேங்காய் எண்ணெய் போடச் சொன்னேன். கல் வார்க்கிறவன் கை மல்லிகைப் பூவாகவா இருக்கும் என்றும் சொன்னேன். அதே வாரம் எனக்கு விடுமுறை. பெட்டி கட்டும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள அவனைத்தான் கூப்பிட்டேன். விரல்களில் துணி சுற்றியிருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உள்ளே என்ன என்று கேட்டான். க்ரீம் என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"எங்கம்மாவுக்கு ரெண்டா குடுங்க மச்சான். அதுக்குக் கால் வெடிப்பு ஜாஸ்தி."

இரண்டாகக் கொடுத்தேன். மாமியார் என் தலையில் கை வைத்து துவா கேட்டார்.

சில வருடத்தில் களத்துக்கு விரல் வைக்கும் வருகைக் கருவி வந்தது. நசீரின் விரலை அது எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தான், ஊதி ஊதித் துடைத்தான். களத்தில் நின்று கல் வார்த்த ஆளை, வரவில்லை என்று கருவி எழுதியது. விசா புதுப்பிக்கும் இடத்திலும் ரேகை விழவில்லை. தோல் சரியான பிறகு வா என்று கம்பெனி அவனை ஊருக்கு ஏற்றிவிட்டது. அவன் வேலை செய்த கைகளால்தான் அவர்களுக்கு மதில் எழும்பியது. அந்தக் கைகளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசவில்லை. எனக்கும் கூசவில்லை. விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

போன வருடம் நானும் என் மனைவி ஜமீலாவும் காட்டுமன்னார்கோயிலில் நசீர் வீட்டில் தங்கினோம். மனைவி இறந்து, மகளைக் காடாம்புலியூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக இருக்கிறான். ரைஸ் மில்லில் காவல் வேலை. அரிசி வாங்க அவனோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரல் வைக்கும் கருவி அங்கேயும் இருந்தது. அவன் கைலியில் துடைத்து, வாயால் ஊதி, ஒவ்வொரு விரலாக வைத்தான். வரிசையில் நின்ற ஒருவர், "பாய், வெரல வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார். நசீரும் சேர்ந்து சிரித்தான். அது புதுக் கேலி இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எல்லோரும் போனபிறகு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார்கள். அதுவரை ஓரமாக நின்றான். என் விரல்களைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நானும் நின்றேன்.

அவனைக் கடலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வெடிப்பு ஆறும், ரேகை திரும்புமா என்று சொல்ல முடியாது, நாளுக்கு ஆறு ஏழு முறை விடாமல் களிம்பு பூசி மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. மறுநாள் சிதம்பரத்தில் ஆதாருக்குப் புதிதாக விரல் பதியப் போனோம். விரல் விழவில்லை, கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணைப் பார்க்கிற கருவி எங்கள் கடைக்கு எப்போது வரும் என்று நசீர் கேட்டான். அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆளுக்கு நான்கு டப்பா, நான் இழுத்த கையெழுத்து, அவன் பிடித்த கயிறு.

அவன் டீயைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான்.

"எங்கம்மா மவுத்தாவுற வரைக்கும் ஒவ்வொரு தொழுகைக்கும் ஒங்களுக்கு துவா கேட்டுச்சு. அத எப்படி மச்சான் திருப்பிக் குடுப்பீங்க?"

பஸ்ஸில் அவன் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் ஜமீலாவிடமும் சொன்னேன். அவன் சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். மகன் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் துணிகளை மட்டும் பெட்டியில் மடித்து வைத்தாள்.

"நான் வரல. அவன் கைக்கு மருந்து போட ஒரு ஆளு வேணும். நீங்க போங்க."

தனியாக வந்தேன். மகனிடம் காரணத்தையும் சொன்னேன். அவன் ஒருவாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது நியாயம். வெள்ளிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே இருக்கிற தொழிலாளர் குடியிருப்புக்குப் போகிறேன். என் சேமிப்பில் வாங்கிய களிம்பைக் கொடுத்து, அந்த நர்ஸ் சொன்னதையும் கிழ அரபி காட்டியதையும் ஒன்று விடாமல் தமிழில் சொல்கிறேன். ஈரத்தோடு பூசு, சட்டைக் கையை இறக்கிவிடு, உதட்டை நக்காதே. "பெருசு, கல்யாணத்துக்கா ரெடி பண்றீங்க?" என்று கேட்கிறார்கள். வேறு யாரோ ஒரு ஸ்டோர் கீப்பர் அவர்களுக்கும் அந்தக் கேலியைக் கற்றுக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. ஆனாலும் ஒவ்வொருவன் கையிலும் டப்பாவைத் திணித்துவிட்டு, அவன் பூசும் வரை எதிரிலேயே நிற்கிறேன்.

ஜமீலா மகனோடும் பேத்தியோடும் வீடியோவில் பேசுகிறாள். என்னிடம், சாப்பிட்டீர்களா என்பதோடு முடித்துவிடுவாள். சென்ற வாரம் நானே கூப்பிட்டேன். எடுத்தவள் போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். திரையில் யார் முகமும் இல்லை. அவள் மடியில் விரித்த துண்டு, அதன்மேல் நசீரின் இடது கை. விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காட்டுமன்னார்கோயிலில் மழை பிடித்திருந்தது. தகரத்தில் விழும் சத்தம் இந்தக் காய்ந்த அறை முழுவதும் கேட்டது. கடையில் கருவி எடுத்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள்.

"யாரு, மச்சானா?" என்று நசீரின் குரல் கேட்டது.

அவள் அவனுடைய இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.