கூரையில்லாத கோயிலுக்கு ஒரு மன்றாட்டு

எங்கள் பங்குச் சுவாமியார் அயர்லாந்துக்காரர். கனடாவில், ஸ்காபரோவில் அவருடைய பங்குச் சனத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தார் என்பதால் இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகியிருந்தார். எனக்குப் பத்து வயதானபோது, தான் பிறந்த கிராமத்துப் பங்கின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகத்தை வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதை வாசித்தது நான் மட்டும். அப்பா அட்டைப்படத்தைப் பார்த்ததோடு சரி.

படத்தில் நாலு கற்சுவர், நடுவில் புல். கூரை இல்லை.

“உது ஷெல் விழுந்த கோயில்,” என்றார் அப்பா. சண்டைக்குத் தப்பி வந்த அவருக்குக் கூரை போவதற்கு வேறு காரணம் தெரியாது.

“இல்லையப்பா, பஞ்சம் வந்து சனமெல்லாம் கப்பலேறிப் போட்டினம். பார்க்க ஆளில்லாமல் கூரை விழுந்தது. நூற்றியெழுபது வருஷமாச்சு!”

“அதுக்கென்ன? சனம் இன்னும் திரும்பேல்லைத்தானே.”

அந்த ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எழுதும் முறை எங்கள் வீட்டுக்கு. அப்பா தமிழில் எழுதினார். அதை ஆங்கிலமாக்கி வாசிக்க வேண்டியவள் நான். அயர்லாந்தில் இடம்பெயர்ந்த சனங்கள் சுகமாக ஊர் திரும்பவும், அவர்களுடைய கோயிலுக்குக் கெதியாகக் கூரை போடவும் மன்றாடுவோமாக! முன் வாங்கில் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் இருப்பார்கள். மானம் போகப் போகிறதென்று அழுதேன்.

“அப்பா எழுதினதை அப்பிடியே வாசி,” என்று அம்மா என் தலைமயிரை இழுத்துப் பின்னினார்.

வாசித்தேன். வகுப்புப் பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சுவாமியார் சிரிக்கவில்லை. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ் வசனத்தை எல்லோருக்கும் முந்தி உரக்கச் சொன்னார்.

பூசை முடிந்து சூடான ரோல்ஸ் பலகாரம் கொடுக்கும்போது அப்பாவிடம் வந்து, உங்கள் ஊர்க் கோயிலுக்குக் கூரை போட்டாயிற்றா என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். கையிலிருந்த ரோல்ஸ் ஆறும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. இந்த அப்பாவுக்கு வரலாறு சுத்தமாகத் தெரியாது என்று, வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். பத்து வயதில் எனக்கு அவ்வளவுதான் வரலாறு தெரியும்.