ஐம்பத்திரண்டாம் எண் போர்வை

பூங்கொடி, குமரா,

இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துப் பேசுவதுபோல எழுதினால்தான் எனக்கு வரும். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

உங்கள் அத்தை, என் ஒரே அக்கா, கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்தார். எங்கள் அப்பா வெள்ளிமலைப் பக்கம் போய் சாமையும் கடுக்காயும் வாங்கி வந்து கீழே விற்பவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றார், நான் படித்தேன். பதினேழு வயதில், சின்னசேலம் பக்கத்தில் குத்தகை நிலம் உழுதுகொண்டிருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மூன்று பிள்ளைகளைப் பெற்றார். மழை பொய்த்த வருஷங்களில் கல் உடைக்கவும் போனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அத்தையின் கருமாதி அன்று பந்தியில் ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது. "அந்தம்மா இன்னா சாதாரண ஆளா? தம்பி புள்ளைங்களோட கான்வென்ட் காசை வச்சு மாடி கட்டினவங்களாச்சே!" பக்கத்து இலைக்காரர் சிரித்தார். அவர்கள் பேரை நான் எழுதவில்லை. இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தப் பேச்சு பொய். அதைத் தொடங்கி வைத்தவன் நான்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நான் மஸ்கட்டில் லாரி மெக்கானிக். ஒரே அறையில் நாம் நால்வரும் இருந்தோம். பூங்கொடியை அங்கிருந்த இந்தியப் பள்ளியில் சேர்த்திருந்தேன். கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் ஒரு பிள்ளை வரைக்கும் தாங்கியது. குமரனுக்கும் வயது வந்தபோது சம்பளத்தில் பாதி அதற்கே போகும் என்று தெரிந்தது. அரபிப் பள்ளி நமக்கு ஆகாது. பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மா அழுதாள். அவள் தையலில் வந்த காசில்தான் வாடகை கொடுத்தோம், அதனால் நான் விடவில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கான்வென்ட் ஹாஸ்டல் இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். ஒரு வருஷக் கட்டணத்தை டிராப்ட் எடுத்து நேரே பள்ளிக்கே அனுப்பினேன். கார்டியன் என்று அத்தையின் பேரைக் கொடுத்தேன். என் பிள்ளைகள் ஹாஸ்டலில் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

சட்டை, பாவாடை, துண்டு, போர்வை என்று எல்லாத் துணியிலும் எண் தைத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஹாஸ்டலில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். சலவைக்குப் போய் மாறிவிடக் கூடாது என்பதற்காக. பூங்கொடிக்கு ஐம்பத்தொன்று, குமரனுக்கு ஐம்பத்திரண்டு. அத்தை சிவப்பு நூலில் நான்கு நாள் உட்கார்ந்து தைத்தார்.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை, தபால் இல்லை. ஆத்தூரிலிருந்து சைக்கிளிலேயே ஊர் திரும்பிய ஒரு மில் தொழிலாளி அத்தையிடம் சொன்னார்: "ஹாஸ்டல்ல எல்லாப் புள்ளைங்களையும் வந்து இட்டுக்கினு போயிட்டாங்கம்மா. உங்களுது ரெண்டு மட்டும் வாச்மேன்கூட கெடக்குது."

அத்தை கேழ்வரகு அடையைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் எல்லையில் மறியல் பிள்ளைகள் நிறுத்தினார்கள்.

"எங்கம்மா போய்க்கினு கீறே? எல்லாம் மறியல்."

"மறியல் பஸ்ஸுக்குத்தானேடா? காலுக்குமா?"

"எல்லாம் நம்ம புள்ளைங்க படிக்கத்தான் உக்காந்துக்கினு கீறோம், தெரியுதா?"

"அப்போ எம்புள்ளைங்கள இட்டாற வழி வுடு."

சிரித்துவிட்டார்களாம். ஒருவன் கைகொடுத்து மரத்தைத் தாண்ட வைத்தான். அதற்கப்புறம் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தார். வழியில் தண்டவாளம் பார்க்கும் ஒரு ரயில்வே கேங்மேன் வீட்டில் இரவு படுத்து, மறுநாள் மதியம் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பூங்கொடி, அங்கே நடந்ததை நீதான் எனக்குப் பிற்பாடு சொன்னாய். குமரன் வராந்தா மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அத்தை "குமரா!" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவன் நிமிரவில்லை. வாச்மேன் "அம்பத்திரெண்டு!" என்று கத்தினார். உடனே குமரன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். ஏழு வயது.

அத்தை அந்த இடத்திலேயே முடிவு எடுத்துவிட்டார். "கார்டியன் கையெழுத்து போட்டுட்டுப் போங்கம்மா. ஸ்கூல் தொறந்ததும் கொண்டாந்து வுடணும்" என்றார் வாச்மேன். "கையெழுத்து போடறேன். கொண்டாந்து வுட மாட்டேன்" என்று சொல்லி, உன்னைக் கையில் பிடித்து, குமரனை அவன் போர்வையிலேயே முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊர்ப் பள்ளியில் உங்களுக்குத் தமிழ் எழுத வரவில்லை என்று இரண்டு வகுப்பு கீழே போடப் பார்த்தார்கள். அத்தை ஒரு மாதம் தவணை கேட்டு, தன் மூத்த மகனை விட்டுச் சொல்லிக்கொடுத்து, ஒரு வகுப்பு மட்டும் இறக்கும்படி செய்தார்.

எனக்குச் சேதி வந்தபோது தலைக்கு மேல் கோபம். கட்டிய பணத்தைப் பள்ளி திருப்பிக் கொடுத்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, "அந்தக் காசு என்ன ஆச்சு என்று அக்காவைக் கேளுங்கள்" என்று ஒரு சொந்தக்காரருக்குக் கடிதம் போட்டேன். இத்தனை வருஷமாக ஊரைச் சுற்றி வருவது அந்த ஒரு வரிதான்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"யாரைக் கேட்டு இட்டுக்கினு வந்தே?"

"யாரையும் கேக்கல. காசு கட்டினது நீ. நடந்தது நானு."

"மிச்சக் காசு?"

"அதப் போயி அங்கியே கேளுடா" என்றார் அத்தை.

போனேன். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். நடுவில் நிறுத்தினால் ஒரு பைசா திரும்பாது. நான் கையெழுத்துப் போட்ட தாள்தான். திரும்பி வந்து அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் போட்டவரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அந்த வெட்கத்தைத்தான் இத்தனை வருஷம் அத்தை சுமந்தார். மாடி கட்டியது அவருடைய மூத்த மகன் உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டிச் சம்பாதித்த பணத்தில். இனி யாராவது வேறு கதை சொன்னால் என் எதிரில் வந்து சொல்லட்டும்.

குமரன் பத்தாவதில் இங்கிலீஷில் ஒருமுறை தோற்றுப் போனான். "கான்வென்ட்ல விட்டிருந்தா போவானா?" என்றார்கள். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். மறுபடி எழுதித் தேறி, ஐ.டி.ஐ. முடித்து இன்று தன் காலில் நிற்கிறான். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிறான். எனக்கு அது போதும்.

பூங்கொடி, இரண்டு மாதம் முன்பு துபாயிலிருந்து போனில் கேட்டாய், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், ஊர்ப் பக்கம் நல்ல ஹாஸ்டல் இருந்தால் விசாரிக்க முடியுமா என்று. அத்தை கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாவாம்?" என்றார். சொன்னேன். "நம்பர் தைக்க எனக்கு இப்போ கண்ணு தெரியாதுன்னு சொல்லு" என்றார். அன்று உனக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். வீட்டைச் சின்னதாக்கு, வண்டியை விற்று விடு, பெரிய பேர் இல்லாத பள்ளியாகப் பார். அதுவும் முடியாவிட்டால் நீயே பிள்ளையோடு வந்து இரு. ஹாஸ்டல் கணக்கையும் போட்டுப் பார்: லீவுக்கு எங்கே இருப்பது, காய்ச்சல் வந்தால் யார் ஓடுவது, போக வர டிக்கெட் என்ன? நான் போடாமல் விட்ட கணக்கு அது.

அத்தையைக் கடைசி இருபது நாளும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் நன்றி. மரத்தைத் தாண்ட வைத்த அந்தப் பிள்ளைக்கும், படுக்க இடம் கொடுத்த கேங்மேன் குடும்பத்துக்கும் நன்றி. இவர்களுடைய பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, மறுநாள் மதியம் அத்தையின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். மற்ற துணிகளில் இருந்த எண்களையெல்லாம் அவர் அந்த வருஷமே பிரித்துவிட்டிருந்தார். குமரனைக் கட்டித் தூக்கி வந்த போர்வை மட்டும் அப்படியே இருந்தது. கடைசிவரை அதைத்தான் போர்த்திக்கொண்டார்; ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாரோ மடித்து உள்ளே வைத்திருந்தார்கள். இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றில் விடு என்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். விடமாட்டேன் என்றேன்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஊசி முனையால் அந்த ஐம்பத்திரண்டை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். இறுக்கமான தையல். வெகுநேரம் ஆயிற்று. பிறகு போர்வையை அலசிக் கொடியில் போட்டேன்.